வழியில் நின்ற வண்டி யாருடைய பொறுப்பு?

நெடுஞ்சாலையில் ஒரு வண்டி பழுதாகி நின்றுவிட்டால் அதற்கு உதவ வேண்டிய பொறுப்பு யாருடையது? இக்கேள்விக்கு நம்மிடையே மூன்று விடைகள் புழங்குகின்றன. வண்டி யாருடையதோ அவர் பாடு என்பது முதல் விடை. காப்பீட்டு நிறுவனத்திடமோ வண்டி விற்ற நிறுவனத்திடமோ பணம் கட்டி வைத்திருந்தால் அவர்கள் ஆள் அனுப்புவார்கள் என்பது இரண்டாவது. நல்ல மனம் படைத்த யாரேனும் நிறுத்தி உதவுவார்கள் என்பது மூன்றாவது.

இம்மூன்றும் போதாதவை என்பது என் கருத்து. சாலைக்குப் பாலமும் வடிகாலும் எப்படி உறுப்புகளோ, அப்படியே பழுதுபட்டவருக்கான உதவியும் சாலையின் ஓர் உறுப்பாக இருக்க வேண்டும். இதைச் சொல்ல, இவ்வுதவி உலகில் எப்படித் தோன்றியது, இந்தியாவில் எந்த வடிவம் கொண்டது என்ற வரலாற்றைச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. நீண்ட பதிவு, பொறுத்துப் படியுங்கள்.

1. ஒரு சக்கரத்தின் பெயர்

மொழியியல் பயின்றவருக்குச் சொல்லிலிருந்து தொடங்குவதே எளிது. மாற்றுச் சக்கரத்தை நாம் 'ஸ்டெப்னி' என்கிறோம். தமிழோ இந்தியோ வங்காளமோ மலையாளமோ, எம்மொழி பேசும் ஓட்டுநரிடத்தும் அச்சொல் செல்லும். ஆனால் இன்றைய இங்கிலாந்தில் அதைச் சொன்னால், கிழக்கு லண்டனில் உள்ள ஒரு பகுதியின் பெயராகவே கேட்பவர் எடுத்துக்கொள்வார். சக்கரத்தின் பெயர் அப்பகுதியிலிருந்து வந்ததும் அன்று. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்றோர் ஊர். அங்கே ஸ்டெப்னி தெரு என்றொரு தெரு. 1904-இல் அத்தெருவில் தொடங்கப்பட்ட நிறுவனமே இச்சக்கரத்தைச் செய்து விற்றது.

அக்காலத்துக் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. குதிரை லாடங்களின் ஆணிகள் சிதறிக் கிடந்த சாலைகளில் பஞ்சர் என்பது அன்றாட நிகழ்வு. டயர் இறங்கினால் ஓட்டுபவர் சாலையோரத்தில் அமர்ந்து, டயரைக் கழற்றி, டியூபை ஒட்டி, காற்றடித்து, மீண்டும் மாட்ட வேண்டும். ஸ்டெப்னி என்பது ஆரக்கால் இல்லாத ஒரு வளையம். அதன்மேல் காற்றடைத்த டயர் ஆயத்தமாக இருக்கும். பழுதுபட்ட சக்கரத்தோடு அதைப் பிணைத்துவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். பின்னாளில் சக்கரத்தையே கழற்றி மாற்றும் வசதி வந்தது. ஸ்டெப்னி வளையத்தின் தேவை போயிற்று. ஆங்கிலத்தில் சொல்லும் வழக்கொழிந்தது. இந்தியத் துணைக்கண்டத்திலும் மால்டாவிலும் அது உயிரோடிருக்கிறது. பிரேசிலின் போர்த்துகீசியத்தில் 'எஸ்டெப்பி' என்று உருமாறி வாழ்கிறது.

உன் உதவியை நீயே சுமந்து செல் என்பதே ஸ்டெப்னி சொல்லும் செய்தி. மேற்கு நாடுகள் விரைவிலேயே இதனோடு இன்னொன்றையும் சேர்த்தன: உதவி உன்னைத் தேடி வரும். யாரைத் தேடி வரும் என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

2. வைக்கப்படாத வணக்கம்

லண்டனில் 1905-இல் தொடங்கப்பட்ட ஆட்டோமொபைல் அசோசியேஷனின் முதல் நோக்கம் பழுது நீக்குவதன்று. 1903-ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் மணிக்கு 20 மைல் என்று வேக வரம்பு விதித்திருந்தது. காவலர்கள் வேலிப் புதர்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, நேரம் குறித்து, வரம்பு மீறிய கார்களைப் பிடித்தனர். கார் வைத்திருந்த செல்வந்தர்கள் ஒன்றுகூடி, மிதிவண்டிகளில் சாரணர்களை அமர்த்தி, முன்னால் காவலர் இருப்பதை எச்சரிக்க ஏற்பாடு செய்தனர்.

1910-இல், பெட்ஸ் எதிர் ஸ்டீவன்ஸ் என்ற வழக்கில், இவ்வாறு எச்சரிப்பது காவலரின் கடமைக்கு இடையூறு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கம் கைக்கொண்ட மாற்றுவழி மொழியியல் வகுப்பில் பாடமாக வைக்கத் தக்கது. சங்கத்தின் உலோக முத்திரை பொருத்திய காரைக் கண்டால் சாரணர் வணக்கம் வைப்பார். காவலர் ஒளிந்திருக்கும் இடத்தில் மட்டும் வைக்கமாட்டார். வணக்கம் வராவிட்டால் நிறுத்திக் காரணம் கேட்டுக்கொள்ள வேண்டியது உறுப்பினரின் வேலை. ஒருவர் சைகை செய்தார் என்று வழக்குத் தொடரலாம். சைகை செய்யவில்லை என்று எப்படித் தொடர்வது? வரவேண்டிய இடத்தில் ஒன்று வராமையும் பொருள் தரும் என்பதைப் பாணினி 'லோபம்' என்ற பெயரில் இலக்கணத்துக்குள் கொண்டுவந்தார். தமிழில் 'வா', 'போ' என்னும் வடிவங்களில் விகுதி இல்லாமையே அவை ஒருமை ஏவல் என்று உணர்த்துவதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இச்சாரணர்களே காலப்போக்கில் பஞ்சர் ஒட்டவும் எஞ்சின் கோளாறு பார்க்கவும் கற்றனர். 1912 அளவில் சாலையோரத்தில் காவற்பெட்டிகள் தோன்றின. பிற்பாடு அவற்றில் தொலைபேசி வந்தது. அப்பெட்டிகளைத் திறக்கும் சாவி உறுப்பினர்களிடம் இருந்தது. மழையில் நனைந்து நிற்கும் இருவரில் யாருக்குப் பெட்டி திறக்கும் என்பதைச் சாவி தீர்மானித்தது. காரின் முகப்பில் பதித்த முத்திரை ஓர் அடையாளம் மட்டுமன்று; அதுவே எல்லைக்கோடு.

அமெரிக்காவிலும் கதை ஏறத்தாழ இதுவே. 1915-இல் செயின்ட் லூயிஸ் நகரில் மிசௌரி மாநில மோட்டார் சங்கம், மோட்டார் சைக்கிள்களில் ஆட்களை அனுப்பி, வழியில் நின்ற கார்களுக்கு உதவத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவில் கராஜ் நடத்திவந்த எர்னஸ்ட் ஹோம்ஸ், ஓடையில் விழுந்த கார் ஒன்றைக் கயிறும் கட்டைகளும் ஆட்களும் கொண்டு மணிக்கணக்கில் போராடி மேலேற்றினார். அந்த அலுப்பிலிருந்து பிறந்ததே, பழைய காடிலாக் காரின்மேல் கப்பியும் சங்கிலியும் பொருத்திய இழுவை வண்டி. இன்று நாம் காணும் இழுவை வண்டிகள் அதன் வழித்தோன்றல்கள்.

ஆனால் அதே அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பம் ஒன்றின் கார் இரவில் அறிமுகமில்லாத ஊரருகே நின்றுவிட்டால் எங்கே போவது? 1936-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த அஞ்சல் ஊழியர் விக்டர் ஹியூகோ கிரீன் ஒரு கையேட்டை வெளியிடத் தொடங்கினார். எந்த விடுதி, எந்த உணவகம், எந்தப் பெட்ரோல் நிலையம், எந்த கராஜ் கறுப்பினத்தவரை ஏற்கும் என்ற பட்டியலே அது. 'கிரீன் புக்' என்று வழங்கிய அக்கையேடு 1960-களின் நடுப்பகுதி வரை வெளிவந்தது. பழுது எல்லாருடைய காருக்கும் ஒன்றுபோலவே வந்தது; உதவி அப்படி வரவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் இச்சேவை விரிவடைந்தது. 1946-இல் நெதர்லாந்தில் ஏழு பேரோடு சாலைக் காவற்பணி தொடங்கிற்று. ஜெர்மனியில் 1954 முதல் மஞ்சள் வண்டிகளில் வந்தவர்களை மக்கள் 'மஞ்சள் தேவதூதர்கள்' என்றே அழைக்கலாயினர். கார் வைத்திருப்போர் பெருகியதால் உறுப்பினர்களும் கோடிக்கணக்கில் பெருகினர். எல்லைக்கோடு வெகுதூரம் தள்ளிப் போயிற்று. அழிந்துவிடவில்லை.

3. கிளீனரும் பச்சைக் கிளையும்

இந்தியாவிலும் மோட்டார் சங்கங்கள் பழையவை. கல்கத்தாவில் 1904-இலும் பம்பாயில் 1919-இலும் அவை தோன்றின. சென்னை, டெல்லி நகரங்களிலும் உண்டு. ஆனால் அவை காருடையோர் சங்கங்கள். விடுதலைக்குப் பின் நம் நெடுஞ்சாலைகளை ஆண்டது லாரி. லாரிக்கு எந்தச் சங்கத்தின் சாரணரும் வரவில்லை. ஆகவே லாரி தன் சாரணரைத் தன்னுடனேயே ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர்தான் கிளீனர்.

தமிழில் கிளீனர்; கேரளத்துப் பேருந்துகளில் 'கிளி'; வடக்கே 'கலாசி'. இக்கடைசிச் சொல் அரபு மூலத்தது. கப்பலிலும் துறைமுகத்திலும் கயிறிழுத்த தொழிலாளரைக் குறித்து, பின்னர் லாரிக்கு ஏறியது. கலாசிக்கு ஓட்டுநர் 'உஸ்தாத்'. பாரசீகத்தில் ஆசான் என்று பொருள். பழுது பார்ப்பவர் 'மிஸ்திரி'. போர்த்துகீசிய 'மெஸ்த்ரெ' என்ற சொல்லின் வழிவந்தவர். தமிழகத்தின் 'மேஸ்திரி'யும் அதே வேரினர்தான்; அங்கே எஞ்சினைத் திறக்கிறார், இங்கே சுவரை எழுப்புகிறார். லாரியின் அடியில் அடுக்கடுக்காக வளைந்திருக்கும் எஃகுப் பட்டைகளை இந்தியில் 'கமானி' என்பார்கள். 'கமான்' என்றால் வில். நம் முன்னோர் அதே பட்டைகள் பொருத்திய மாட்டு வண்டியை 'வில் வண்டி' என்றனர். ஒருவரையொருவர் கேட்காமலே இரு மொழிகளும் அப்பட்டையில் வில்லைக் கண்டிருக்கின்றன.

இச்சொற்களை அடுக்குவது அழகுக்காக அன்று. நாமக்கல்லிலிருந்து புறப்பட்ட லாரி ஒடிசாவின் சிற்றூர் ஒன்றின் அருகே நின்றுவிட்டால், ஓட்டுநருக்கு ஒடியா தெரியாது. அங்குள்ள மிஸ்திரிக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் ஸ்டெப்னி, பஞ்சர், ஜாக்கி, கிரீஸ், கியர், கிளட்ச் என்னும் சில பத்துச் சொற்களும் கைச்சைகையும் எண்களும் கொண்டு வேலை நடந்துவிடுகிறது. எந்தக் கல்விக்கழகமும் வகுக்காத, எந்த அரசும் அறிவிக்காத ஒரு தொடர்பு மொழி இது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மகாராஷ்டிரத்திலும் நெடுஞ்சாலை ஓரங்களில் 'கேரளா' என்ற பெயர் தாங்கிய பஞ்சர் கடைகளைக் காணலாம். பழையதொரு டயரைக் கம்பத்தில் தொங்கவிட்டிருந்தால் அது பஞ்சர் கடை என்பது எழுத்தறியாதவருக்கும் விளங்கும். அப்பலகைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

எச்சரிக்கைக்கும் தனிக் குறிமுறை உண்டு. லாரி நின்றதும் கிளீனர் முதலில் ஓடுவது எஞ்சினை நோக்கி அன்று. பின்னால் வரும் வண்டிகளை நோக்கி. சாலையோர மரத்திலிருந்து பச்சைக் கிளையை ஒடித்துப் பின்னால் செருகுவார். சற்றுத் தள்ளிக் கற்களை வரிசையாக அடுக்குவார். முக்கோண எச்சரிக்கைப் பலகையைப் பயன்படுத்த வேண்டும் என்று விதி உண்டு. பலகை கைவசம் இல்லாத நாட்டில் கிளையே பலகையாயிற்று.

இவ்வமைப்புக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. இதன் பெருமை அதுவே. கூலி உண்டு, பேரம் உண்டு, சில இடங்களில் ஏமாற்றும் உண்டு. ஆனால் நீ யார், எந்தச் சங்கம் என்று யாரும் கேட்பதில்லை.

4. புகழ்ந்து நிறுத்திவிடக் கூடாது

இங்கே பலரும் நின்றுவிடுகிறார்கள். இந்தியரின் கைத்திறன், இந்தியச் சாலையின் மனிதநேயம் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவ்வாறு பாராட்டுவது, அந்தத் திறனுக்கு விலை கொடுத்தவர்களை மறைத்துவிடுகிறது.

கிளீனர்கள் பலர் சிறுவர்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலில் குழந்தைகளை அமர்த்தக் கூடாது என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. சாலை அதைக் கேட்டு நடந்ததில்லை. ஜாக்கி சரிந்து நசுங்கியவர்களும், சக்கரம் கழற்றும்போது பின்னால் வந்த வண்டி மோதி இறந்தவர்களும் இந்தத் 'திறனின்' கணக்கில் வருபவர்கள். அடுக்கிய கற்களை வண்டி கிளம்பியதும் அப்படியே விட்டுச் செல்வதால், இரவில் இருசக்கர வாகனத்தில் வருபவர் அதில் மோதி விழுகிறார். முன்னவரைக் காத்த குறியே பின்னவருக்குக் கொலைக்கருவியாகிறது.

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விபத்து அறிக்கைகளில், நின்றிருக்கும் வாகனத்தோடு மோதியவை என்று தனிப்பிரிவே உண்டு. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் 44 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். பழுதாகி நிற்கும் வண்டி அதன் உரிமையாளருக்கு மட்டுமான தொல்லை என்று எண்ணுவது எவ்வளவு பிழை என்பதை இப்பின்னணியில் பார்க்க வேண்டும். இருட்டில் விளக்கின்றி நிற்கும் லாரி, அவ்வழியே வரும் ஒவ்வொருவருக்கும் ஆபத்து.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2019 நவம்பரில் ஹைதராபாத் புறநகரில், ஒரு சுங்கச்சாவடி அருகே, இளம்பெண் ஒருவரின் ஸ்கூட்டர் டயரிலிருந்து வேண்டுமென்றே காற்று இறக்கப்பட்டது. இறக்கியவர்களே உதவ வந்தவர்களாக நடித்தனர் என்பது வழக்கு. அவர் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். 'யாரேனும் உதவுவார்கள்' என்ற மூன்றாவது விடை ஒரு பெண்ணுக்கு எப்படிப்பட்ட விடை என்பதை அந்த இரவுக்குப் பின் நாம் அறியாதவர்கள் அல்லர். முன்பு நான் எல்லைக்கோடு என்று குறைகூறிய முத்திரைக்கும் சீருடைக்கும் ஒரு நற்பயன் இருந்ததை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும்: வந்திருப்பவர் யார் என்பதற்கு அவை பொறுப்பேற்றன. அறிமுகமில்லாதவரை நம்புவதற்கு நல்லெண்ணம் மட்டும் போதாது. பின்னால் பொறுப்பேற்கும் ஓர் அமைப்பு வேண்டும்.

5. சட்டம் என்ன சொல்லால் அழைத்தது?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 201-ஆம் பிரிவைப் படித்தால், அரசு நெடுங்காலம் இதை எப்படிப் பார்த்தது என்பது விளங்கும். இயங்காத நிலையில் உள்ள வாகனத்தைப் போக்குவரத்துக்கு இடையூறாகப் பொது இடத்தில் வைத்திருந்தால் மணிக்கு 50 ரூபாய் வரை தண்டம் என்றது அப்பிரிவு. பழுதுபட்டவர் சட்டத்தின் கண்ணில் உதவி வேண்டி நிற்பவராகத் தெரியவில்லை. இடையூறு செய்பவராகவே தெரிந்தார். நேரம் ஆக ஆகத் தண்டமும் ஏறும்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டத்தை 500 ரூபாயாக்கியது. அதோடு, வாகனத்திற்கு அடையாக நின்ற 'இயங்காத' என்ற சொல்லை நீக்கிவிட்டு, எதிர்பாராமல் பழுதுபட்டு அப்புறப்படுத்தப்பட்டுக்கொண்டிருக்கும் வாகனத்துக்குத் தண்டம் இல்லை என்று ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. ஒரு சொல்லை எடுத்ததும் ஒரு வரியைச் சேர்த்ததும் சிறு மாற்றங்கள்போல் தோன்றும். பழுது என்பது குற்றமன்று என்று சட்டம் ஏற்க 31 ஆண்டுகள் ஆயின.

அதே திருத்தம், விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரைக் காக்கும் 134ஏ பிரிவையும் கொண்டுவந்தது. நல்லெண்ணத்தோடு கைம்மாறு கருதாமல் உதவியவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் அது விபத்து நடந்த இடத்துக்கானது. விபத்து நேரும் முன்பே, பழுதாகி நிற்கும் வண்டிக்குப் பின்னால் நின்று விளக்கசைத்துப் பிற வண்டிகளை விலக்குபவரைப் பற்றி அங்கே பேச்சில்லை. இறந்தவரைத் தூக்கியவருக்கு இருக்கும் காப்பு, இறவாமல் தடுத்தவருக்கும் இருக்க வேண்டாமா?

6. பழைய அமைப்பு குலைகிறது

கிளீனரை நம்பிய அமைப்பு இனி நீடிக்கவும் முடியாது. காரணங்கள் இரண்டு.

ஒன்று, கிளீனரே மறைந்துவருகிறார். தேசிய அனுமதி பெற்ற சரக்கு வாகனங்களில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்றிருந்த விதி 2018-இல் நீக்கப்பட்டது. வாடகைக்கும் டீசல் விலைக்கும் இடையே நெருக்குண்ட லாரி உரிமையாளர்கள் கிளீனரையும் குறைத்துவிட்டனர். இன்று பல லாரிகளில் ஓட்டுநர் ஒருவரே. நள்ளிரவில் டயர் வெடித்தால், சக்கரம் கழற்றுபவரும் அவரே, பின்னால் நின்று எச்சரிக்க வேண்டியவரும் அவரே. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் நிற்பது எப்படி?

மற்றொன்று, சாலையே மாறிவிட்டது. 5,846 கிலோமீட்டர் நீளத் தங்க நாற்கரச் சாலை வந்தபோதே நெடுஞ்சாலைகள் ஊர்களுக்கு வெளியே நகர்ந்தன. அதன்பின் வந்த விரைவுச்சாலைகள் இருபுறமும் வேலியிட்டவை. கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் செல்லும் யமுனா விரைவுச்சாலை 2012-இல் திறக்கப்பட்டது. மும்பையையும் நாக்பூரையும் இணைக்கும் சம்ருத்தி நெடுஞ்சாலை 701 கிலோமீட்டர். இவற்றில் நினைத்த இடத்தில் பஞ்சர் கடை போட முடியாது. கம்பத்தில் டயர் தொங்காது. ஒடிக்கக் கிளையும் அருகில் இராது. நடந்து போனால் எட்டும் தூரத்தில் ஊர் இல்லை. கான்கிரீட் தளத்தில் சூடேறி டயர்கள் வெடிப்பது மட்டும் குறையவில்லை. சாலையோர மனிதர்களைச் சாலையிலிருந்து அகற்றிவிட்ட அரசு, அவர்கள் செய்துவந்த பணியையும் ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டது.

ஓரளவு ஏற்றுக்கொண்டும் இருக்கிறது. சுங்கம் வசூலிக்கும் தேசிய நெடுஞ்சாலைகளில் ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், இழுவைக்குரிய கிரேன் ஆகியவற்றை வைத்திருப்பது சாலையை நடத்துவோரின் ஒப்பந்தக் கடமை. 2018 மார்ச்சில் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1033 தொடங்கப்பட்டது. பல மொழிகளில் பேசலாம் என்றும் அப்போதே அறிவிக்கப்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் 108 என்றால் ஆம்புலன்ஸ் என்று குழந்தைக்கும் தெரிகிற நாட்டில் 1033 என்றால் என்னவென்று எத்தனை பேருக்குத் தெரியும்? உங்களைச் சுற்றியுள்ளவர்களிடம் இன்றே கேட்டுப் பாருங்கள்.

இடைவெளியைப் பணம் நிரப்புகிறது. காப்பீட்டோடு கூடுதல் தொகை செலுத்தினால் சாலையோர உதவி. புதிய கார் வாங்கினால் சில ஆண்டுகளுக்குச் சாலையோர உதவி. லண்டன் சங்கத்தின் முத்திரை செயலி வடிவில் திரும்பி வந்திருக்கிறது. பதினைந்து ஆண்டு பழைய லாரியின் ஓட்டுநரும், மூன்றாம் கைமாறிய மோட்டார் சைக்கிளில் மனைவி மக்களோடு ஊர் திரும்பும் கட்டடத் தொழிலாளியும் மீண்டும் பெட்டிக்கு வெளியே நிற்கிறார்கள்.

7. என்ன செய்யலாம்?

நான் முன்வைப்பவை பெரும் செலவு கோருபவை அல்ல.

முதலாவது, எண்ணைச் சாலையிலேயே எழுதுங்கள். நம் நெடுஞ்சாலைகளில் கிலோமீட்டர் கற்களும், அவற்றுக்கிடையே 200 மீட்டருக்கு ஒரு சிறு கல்லும் நடுவது வழக்கம். ஊர்ப்பெயர் எந்த எழுத்தில் இருந்தாலும் எண்ணை எல்லா மாநிலத்தாரும் படிப்பர். ஒவ்வொரு கல்லிலும் 1033 என்ற எண்ணும் அக்கல்லின் எண்ணும் தெளிவாக இருந்தால், மொழி தெரியாத ஓட்டுநரும் தான் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். சுங்கம் கழிந்ததும் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியிலும் இவ்வெண் இருக்கட்டும்.

இரண்டாவது, அழைப்பை ஏற்பவர்களுக்கு ஓட்டுநர் மொழியைக் கற்பியுங்கள். பலமொழி வசதி என்பது தமிழ், இந்தி, தெலுங்கு என்று பொத்தான் வைப்பதோடு முடிவதன்று. 'கமானி போச்சு' என்றால் என்ன நேர்ந்தது, அதற்குக் கிரேன் வேண்டுமா மிஸ்திரி போதுமா என்று உணரக்கூடியவர் மறுமுனையில் இருக்க வேண்டும். ஒரு சிறு சொற்பட்டியல் இதற்குப் போதும். அதைத் தொகுக்க மொழியியல் துறைகள் முன்வரலாம், வர வேண்டும்.

மூன்றாவது, பஞ்சர் கடைக்காரரையும் மிஸ்திரியையும் இவ்வமைப்பின் அங்கமாக்குங்கள். அடையாள அட்டை, ஒளிரும் மேலாடை, விபத்துக் காப்பீடு, வெளிப்படையான கட்டணப் பட்டியல் ஆகிய நான்கையும் கொடுத்தால், வருபவர் யார் என்ற அச்சமும் பேரத்தின் கசப்பும் ஒருங்கே குறையும். முத்திரை இம்முறை உதவி பெறுபவரிடம் இராது; உதவி செய்பவரிடம் இருக்கும்.

நான்காவது, யார் கட்டணம் செலுத்தினார் என்று பார்க்க வேண்டாம். பாஸ்டேக் ஒட்டிய வண்டிகளுக்கு மட்டும் என்று நாளை ஒரு விதி வந்தால் வியப்படையமாட்டேன். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வாகனங்களுக்குக் கட்டணம் இல்லை; ஆனால் சாவில் பெரும்பங்கு அவர்களுடையது. கட்டணத்தை அளவுகோலாக்கினால் மிகுதியாகச் சாகிறவர்களையே வெளியே நிறுத்துவோம்.

8. சுமைதாங்கி

மோட்டார் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் வழிகளில் உதவி கல்வடிவில் நின்றிருந்தது. தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் கைபிடிக்காமலே இறக்கி வைக்கவும், இளைப்பாறி மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் நாட்டிய சுமைதாங்கிக் கல். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நாட்டும் வழக்கம் இருந்தது. தன் சுமையை இறக்காமலே போனவளுக்காகப் பிறர் சுமையை இறக்க ஒரு கல்.

அதையும் பொற்காலமாக்க வேண்டியதில்லை. சத்திரங்களில் சாதி பார்த்தே இடம் ஒதுக்கினார்கள். வழியில் நடக்கும் உரிமையே எல்லாருக்கும் இருந்ததில்லை. 1924-இல் வைக்கத்தில் தெருவில் நடப்பதற்காகவே போராட வேண்டியிருந்தது. சாலை பொது என்பது நமக்கு இயல்பாக வாய்த்த உண்மையன்று, போராடிப் பெற்றது. ஆகவேதான் அதன் பொதுத்தன்மை பாதியில் நிற்கக் கூடாது என்கிறேன். ஓடும்போது சாலை எல்லாருக்கும் பொது, நின்றுவிட்டால் அவரவர் பாடு என்பது அரைகுறையான பொதுமை.

1033 என்ற எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். நீண்ட தூரம் செல்லும் உறவினருக்கும் அனுப்புங்கள். அழைத்துப் பார்த்தவர்கள் இருந்தால், எவ்வளவு நேரத்தில் ஆள் வந்தது, எம்மொழியில் பேசினார்கள் என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஓட்டுநர், கிளீனர் குடும்பங்களிலிருந்து வந்த நண்பர்களிடம் இன்னொரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வண்டிப் பழுதுகளுக்குச் சொல்லும் சொற்களை, அவர்கள் சொல்லும் ஒலிப்பிலேயே எழுதி அனுப்புங்கள். அந்தச் சொற்பட்டியலை இங்கிருந்தே தொடங்கிவிடலாம்.